பணியிடத்தை ஒழிக்கும் ஜி.ஓ.வுக்கு முன்னால் ஒரு சட்டம் வேண்டும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயத்தில் அவையின் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. கேட்கப்போவது ஒன்றுதான். அரசுப் பணியிடங்களை ஒழிப்பதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவாருங்கள். ஒழிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. எந்தக் காரணத்துக்காக ஒழிக்கலாம், அதற்கு முன் என்னென்ன செய்திருக்க வேண்டும், வேலை போகிறவருக்கு என்ன தர வேண்டும் என்பதை எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்றைக்கு இது ஒரு ஜி.ஓ.வில், அதாவது அரசாணையில், முடிந்துவிடுகிறது. அப்புறம் பத்து, பன்னிரண்டு வருடம் நீதிமன்றத்தில் இழுக்கிறது.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மக்கள் நலப் பணியாளர்கள் வந்ததையும் போனதையும், மறுபடி வந்ததையும் மறுபடி போனதையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன். தனித்தனியாகக் கேட்கும்போது ஒவ்வொன்றும் ஒரு நிர்வாக முடிவு மாதிரிதான் தெரியும்.

1989 செப்டம்பரில் திமுக ஆட்சி, பத்தாம் வகுப்பு படித்து வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்களை ஊராட்சிக்கு இரண்டு பேர் வீதம் எடுத்தது. மொத்தம் 25,000 பேருக்கு மேல். முதியோர் கல்வி, சிறுசேமிப்பு, குடும்ப நலம், தடுப்பூசி முகாமுக்கு ஆள் கூட்டுவது, தெருவிளக்கு, குடிநீர் என்று ஊராட்சியில் எந்த வேலைக்கும் அவர்கள்தான். 1991 ஜூலையில் அதிமுக ஆட்சி வந்ததும் அந்தப் பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. 1997 பிப்ரவரியில் திமுக ஆட்சி திரும்ப எடுத்தது. 2001 ஜூனில் அதிமுக ஆட்சி மீண்டும் ஒழித்தது. 2006 ஜூனில் மறுபடி வேலை. 2011 நவம்பர் 8-ம் தேதி மறுபடி ஒழிப்பு. அந்தக் கடைசி ஆணையில் மட்டும் 13,000-க்கும் அதிகமானவர்கள் வேலை இழந்தார்கள்.

1989-ல் 22 வயதில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வேலை போனபோது 24. இரண்டாவது தடவை 34. மூன்றாவது தடவை 44. மூன்று தவணையிலும் அவர் வேலை பார்த்த காலத்தைக் கூட்டினால் 12 வருடம்கூட வராது. ஓய்வூதியத்துக்கோ பணிக்கொடைக்கோ வழியில்லை. அடுத்த தேர்தலில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வேறு தொழிலில் முழுசாக இறங்கவும் முடியாமல் போனவர்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். கிராமத்தில் அவர்களுக்குக் கட்சி முத்திரை வேறு விழுந்துவிட்டது. ஓட்டு எண்ணும் நாளில் யாருக்குப் படபடப்பு இருந்ததோ இல்லையோ, அவர்கள் வீட்டில் இருந்தது.

2011 நவம்பரில் அந்த ஆணை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுத் தலைவர்கள் பொறுப்பேற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஊராட்சிகளில் ஒரே குழப்பம். பழைய தலைவர் எந்தப் பதிவேட்டை எங்கே வைத்தார் என்று தெரிந்த ஒரே ஆள் பல இடங்களில் மக்கள் நலப் பணியாளர்தான். ஆணையின் நகலை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, அலுவலக நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கு வந்த ஒரு அம்மா கையில் பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தார். எந்தெந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கம்ப எண்ணோடு பட்டியல் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை யாருகிட்ட சார் குடுக்கறது?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஏனென்றால் அந்த வேலையை இனி யார் பார்ப்பார்கள் என்று ஆணையில் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பணியிடம் தேவையில்லை என்று முடிவெடுத்தவர்கள், அந்தப் பணியிடத்தில் என்ன வேலை நடந்தது என்று எங்கள் அலுவலகத்திடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பதிவேடுகளை அப்படியே தூக்கிக் கொடுத்திருப்போம்.

சரி, வழக்குக்கு வருகிறேன். 2011 ஆணையை எதிர்த்து அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜனவரியில் தனி நீதிபதி அந்த ஆணையை ரத்து செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2014 ஆகஸ்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இருக்கும் காலியிடங்களில் இவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று சொன்னது. அடுத்த மாதமே அரசு உச்ச நீதிமன்றத்தில் ஸ்டே (இடைக்காலத் தடை) வாங்கியது. அந்த ஸ்டே வருடக்கணக்கில் நின்றது. 2021-ல் ஆட்சி மாறி, 2022-ல் புது ஆணை வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில், மாதம் 7,500 ரூபாய்க்கு. அதில் 5,000 திட்ட நிதியிலிருந்து, 2,500 ஊராட்சியிலிருந்து. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்று வழக்கை முடித்து வைத்தது. ஆணை போட்டதிலிருந்து தீர்ப்பு வர பதினோரு வருடத்துக்கு மேல். 22 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 56.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு தடவை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தும் அவர்களுக்கு வேலை வரவில்லை என்பதுதான். கடைசியில் வேலை வந்ததும் அடுத்த ஆட்சி போட்ட ஆணையால். நீதிமன்றத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கும் சட்டம் அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலை இழந்து வருபவர்கள் முதலில் கேட்பது, "எங்களை விசாரிக்காமல் எப்படி எடுக்கலாம்?" என்றுதான். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, அரசு ஊழியரை விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1973-ல் ராமநாத பிள்ளை எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பணியிடத்தை ஒழிப்பது தண்டனை ஆகாது, அதனால் அந்தப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது. பணியிடத்தை உண்டாக்குவதும் ஒழிப்பதும் அரசின் அதிகாரம். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். ஆக, ஊழியர் மேல் ஒரு சின்னக் குற்றச்சாட்டு இருந்தால் மெமோ, விளக்கம், விசாரணை அதிகாரி, அறிக்கை என்று அத்தனை படியும் உண்டு. ஒரு தப்பும் செய்யாதவருக்கு ஒரு படியும் கிடையாது.

நல்லெண்ணம் இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் மனு போட்டவர் தலையில்தான். கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. குறிப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று ஊராட்சியில் தெருவிளக்கு பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? அரசு தரப்பில் பதில் மனுவில் 'கொள்கை முடிவு' என்ற இரண்டு வார்த்தை வந்துவிட்டால், அதைத் தாண்டி வாதாட மூத்த வழக்கறிஞர் வேண்டும். டெல்லி வரைக்கும் போனால் அதற்கு ஒரு தொகை. சங்கத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்வார்கள். வேலை இல்லாதவர்களிடம் வசூல். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கான கட்டணம் மட்டும் கஜானாவிலிருந்து, அதாவது இவர்களும் கட்டிய வரியிலிருந்து போகும். சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறி வந்து, அன்றைக்கு வழக்கு பட்டியலில் வரவில்லை என்று கேட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு ஊழியர்களின் வழக்குகளை விரைவாக முடிக்க என்று 1988-லிருந்து தமிழ்நாட்டில் ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. 2006-ல் அதையும் ஒழித்தாகிவிட்டது. இப்போது உயர் நீதிமன்றம் ஒன்றுதான் வழி.

தொகுப்பூதியம், மதிப்பூதியம் வாங்குகிறவர் என்றால் இன்னொரு சுவரும் உண்டு. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவு போடக் கூடாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் நடைமுறையில், தற்காலிகமாக எடுத்து வருடக்கணக்கில் வேலை வாங்கிய அரசுக்கே அது கேடயமாகிப் போனது.

பணியிடங்களை ஒழித்ததில் நியாயம் இருந்த சம்பவமும் இதே தமிழ்நாட்டில் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, பகுதிநேர கிராம அதிகாரிகள் பணியிடங்களை, அதாவது ஊர் மணியம், கர்ணம் ஆகியவற்றை, ஒரே நாளில் ஒழித்தது. பல ஊர்களில் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருந்த பதவி அது. அந்த இடத்துக்கு முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1981-ல் அது இந்த அவையில் சட்டமாக நிறைவேறியது. வேலை இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கே.ராஜேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1982-ல் தீர்ப்பு வந்தது. அவர்கள் தோற்றார்கள். இருந்தும், தகுதியுள்ளவர்களைக் குழு வைத்துப் பரிசீலித்துப் புதிய பணியில் சேர்த்துக்கொள்வது, மற்றவர்களுக்கு இழப்பீடு கொடுப்பது என்ற ஏற்பாடு அந்த வழக்கின் வழியாகவே உறுதியானது.

அந்த ஒழிப்பால் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு காரணம் இருந்தது. பரம்பரைப் பதவியை எடுத்துவிட்டு எல்லோரும் போட்டியிடக்கூடிய பதவியைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை இனி யாருடையது என்று எழுதியிருந்தது. அவையில் விவாதம் இருந்தது. இழப்பீடு இருந்தது. இரண்டு வருடத்துக்குள் வழக்கும் முடிந்தது. மக்கள் நலப் பணியாளர்கள் விஷயத்தில் இதில் எதுவுமே இல்லை. ஒரே அரசு அமைப்பு, ஒரே மாதிரி அதிகாரம். முன்னதில் சட்டம் இருந்தது, பின்னதில் ஜி.ஓ. மட்டும் இருந்தது. அந்த வித்தியாசம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

சாலைப் பணியாளர்களையும் மறந்துவிட முடியாது. நெடுஞ்சாலைத் துறையில் 1997-ல் சுமார் 10,000 பேரை எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் அவர்கள் வேலையை இழந்தார்கள். வெளியே அனுப்பிய அதே ஆட்சி 2006 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், திரும்ப எடுத்தது. வேலை தேவையில்லாதது என்றால் ஏன் திரும்ப எடுத்தார்கள்? தேவையானது என்றால் ஏன் அனுப்பினார்கள்? நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிடச் சொல்லி அவர்கள் எத்தனை வருடம் கோரிக்கை வைத்துப் போராடினார்கள் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த 41 என்ற எண்ணைச் சுவரொட்டியில் பார்க்காத மாவட்டமே கிடையாது. அந்தக் காலத்தில் வறுமையிலும் நோயிலும் போய்ச் சேர்ந்தவர்களின் குடும்பங்கள் கருணை அடிப்படை வேலைக்கு அலைந்ததையும் நீங்கள் மனுக்களில் பார்த்திருப்பீர்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். மக்கள் நலப் பணியாளர்கள் கட்சிக்காரர்களின் சிபாரிசில் வந்தவர்கள், அதனால் எடுத்தோம் என்று அதிமுக தரப்பில் சொல்வார்கள். தேர்வில் தப்பு நடந்திருந்தால், யாருடைய தேர்வில் என்ன தப்பு என்று நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அந்தத் தேர்வை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஒரு ஊராட்சியில் ஒருவர் தப்பான வழியில் வந்தார் என்பதற்காக எல்லா ஊராட்சியிலும் பணியிடத்தையே இல்லாமல் ஆக்குவதற்கு அது காரணமாகாது. திமுக தரப்புக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று தடவை வேலை கொடுத்தீர்கள், சரி. ஒரு தடவையாவது அந்தப் பணியிடங்களை விதிகளுக்குள் கொண்டுவந்து, அடுத்த ஆட்சி கை வைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு ஏன் தரவில்லை? 2022-ல் கொடுத்ததும் ஒரு மத்தியத் திட்டத்தின் நிதியில் தொங்கும் வேலைதான். திட்டம் மாறினால் அந்த வேலை என்ன ஆகும்?

நிதி நெருக்கடி என்ற வாதமும் உண்டு. காலத்துக்கு ஒவ்வாத பணியிடங்கள் உண்டு என்பதை நானே ஒத்துக்கொள்வேன். தட்டச்சு இயந்திரம் போய் கணினி வந்தபோது எங்கள் அலுவலகத்திலேயே வேலைகள் மாறின. 2018-ல் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆதிசேஷையா தலைமையில் பணியிடங்களைச் சீரமைக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவை அமைத்த 56-ம் எண் ஆணையைத் திரும்பப் பெறச் சொல்லி 2019 ஜனவரியில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022-ல் மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து 115-ம் எண் ஆணை வந்து, அதற்கும் எதிர்ப்புக் கிளம்பி, அந்தக் குழுவின் ஆய்வு வரம்புகளை அரசு கைவிட வேண்டியதாயிற்று. அதே வருடம் மாநகராட்சிகளுக்கான 152-ம் எண் ஆணை, முன்பு நிரந்தரப் பணியாளர்கள் செய்த வேலைகளை வெளிமுகமைக்கு (அவுட்சோர்சிங்) தள்ளுகிறது என்று உள்ளாட்சி ஊழியர் சங்கங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எந்த ஆட்சி வந்தாலும் பணியிடக் குறைப்பு என்ற பேச்சு எடுத்தவுடனே தெருவில் ஏன் இவ்வளவு பயம் கிளம்புகிறது? அடுத்த நாள் காலையில் ஒரு ஆணையில் எல்லாம் போய்விடலாம் என்று ஊழியர்கள் அனுபவத்தில் கண்டதால்தான். நடைமுறை எழுத்தில் இருந்தால் உண்மையிலேயே தேவைப்படும் மாற்றத்தைச் செய்வது அரசுக்கே சுலபமாகும்.

தனியார் ஆலைத் தொழிலாளிக்குக்கூட இதைவிடப் பாதுகாப்பு இருந்தது. ஒரு வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் என்று 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் வைத்தது. மத்திய அரசு ஊழியருக்கு, பணியிடம் ஒழிந்தால் மூன்று மாத முன்னறிவிப்பு, ஈட்டு ஓய்வூதியம் என்று ஓய்வூதிய விதிகளில் உண்டு. உபரியாகும் ஊழியர்களை வேறு அலுவலகங்களில் அமர்த்த 1990-லிருந்து தனி விதிகளே இருக்கின்றன. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஊராட்சியில் வேலை பார்த்தவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

இந்த அவை 2016-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் பணியிட ஒழிப்புக்கென்று ஓர் அத்தியாயம் சேருங்கள். தொகுப்பூதியம், மதிப்பூதியம் வாங்குகிறவர்களும் அதற்குள் வர வேண்டும், ஏனென்றால் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பணியிடங்களை ஒழிப்பதென்றால், காரணத்தையும் வேலை அளவு ஆய்வையும் அவையில் வைத்து விவாதித்த பிறகே ஆணை வரட்டும். அந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்று ஆணையிலேயே எழுதியிருக்கட்டும். ஊழியர்களுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கட்டும். தகுதியுள்ளவரை வேறு காலியிடத்தில் அமர்த்த முயன்று, முடியவில்லை என்றால் அதைப் பதிவு செய்யட்டும். பணிக்காலத்துக்கு ஏற்ற இழப்பீடு வேலையிலிருந்து விடுவிக்கும் நாளிலேயே கையில் கிடைக்கட்டும். ஒழித்த அதே வேலையைச் சில வருடத்துக்குள் வேறு பெயரிலோ ஒப்பந்தக்காரர் மூலமோ செய்வதென்றால் பழையவர்களுக்கே முதல் வாய்ப்பு, இடைக்காலமும் பணிக்காலமாகக் கணக்கில் வரட்டும்.

இதில் மிக முக்கியமானது எது என்று கேட்டால் முதலாவதைச் சொல்வேன். காரணத்தை முன்கூட்டியே எழுதி அவையில் வைத்துவிட்டால், நாளைக்கு வழக்கு வரும்போது நீதிபதி முன் ஒரு ஆவணம் இருக்கும். 'கொள்கை முடிவு' என்று இரண்டு வார்த்தையில் அரசு ஒதுங்க முடியாது. நல்லெண்ணம் இருந்ததா என்பதைப் பதினோரு வருடம் தேட வேண்டியதில்லை, சில மாதத்தில் பார்த்துவிடலாம். நியாயமாகச் செய்த அரசுக்கும் அது பாதுகாப்புதான். 1980-ல் செய்த ஒழிப்பு நீதிமன்றத்தில் நின்றது, நினைவிருக்கட்டும்.

மசோதா தயாராக நேரமாகும் என்பது தெரியும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து, பணியிட ஒழிப்பு தொடர்பாக உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அரசு எதிர்த்துக்கொண்டிருக்கும் வழக்குகள் எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்த வருடத்தியது, அதற்கான வழக்கறிஞர் கட்டணம் இதுவரை எவ்வளவு, மனுதாரர்களில் எத்தனை பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள் என்று கேளுங்கள். பதிலைத் துறைவாரியாக அவையில் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர்